தேய்ப்புதான் வேலை

திண்டிவனத்திலிருந்து புதுச்சேரி போகும் சாலையில் டிப்பர் லாரிகளுக்குப் பின்னால் கார் ஓட்டியவர்களுக்கு முன் பம்பர் படும் பாடு தெரியும். வானூர் வட்டத்தில் கல் குவாரிகளும் கிரஷர்களும் நிறைய. கல்மரப் பூங்காவுக்குப் பெயர் போன திருவக்கரையைச் சுற்றிலும் அவைதான். அங்கிருந்து ஜல்லி ஏற்றி வரும் லாரிகள் வளைவுகளில் சிந்திவிட்டுப் போகும் சில்லுகள், முன்னால் போகும் வண்டியின் டயரில் பட்டு நம் வண்டி மீது தெறிக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது, அங்கே ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. எங்கள் பக்கத்துச் சாலைகளில் தார் பெயர்ந்து அடியிலிருந்த ஜல்லியும் மேலே வந்துவிட்டது. தை பிறப்பதற்குள் என் ஆல்டோவின் முன் பம்பரில் வெள்ளிப் பூச்சு அங்கங்கே செதிலாக உதிர்ந்து, கறுப்பு பிளாஸ்டிக் பல்லைக் காட்டியது. இடது மூலையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சே இல்லை.

பெயிண்ட் ஷெட் ஒன்றில் காட்டியபோது, பம்பரையே மாற்றிவிடுவது நல்லது என்றார்கள். குயிலாப்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு அடுத்த தெருவில் என் தாய்மாமா இருக்கிறார். அம்மாவுக்குத் தம்பி. விவரம் தெரிந்த வயதிலிருந்து வண்டிகளுக்குப் பெயிண்ட் அடித்தவர். அவரிடம் போய்ச் சொன்னேன். "நல்ல பம்பர இன்னாத்துக்கு மாப்ள தூக்கிப் போடணும்? கழட்டி எடுத்தா. நீயே அடி, நான் சொல்லித் தரேன்" என்றார்.

அவரே அடித்துத் தருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

மாமா வேலை பழகியது அம்பாசடர் காலத்தில். முதலில் திண்டிவனத்தில் ஒரு ஷெட், பிறகு புதுச்சேரியில் வேறொரு ஷெட். அப்போது பம்பர் என்றால் இரும்பு. குரோம் முலாம் பூசியது. நெளிந்தால் தட்டி நிமிர்த்தி முலாம் பூசும் இடத்துக்கு அனுப்புவார்கள். பெயிண்டருக்கு அதில் வேலை இல்லை. 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது கறுப்பு பிளாஸ்டிக் பம்பர் கூடவே வந்தது. அதற்கும் பெயிண்ட் கிடையாது. வண்டியின் நிறத்திலேயே பம்பரும் இருக்க வேண்டும் என்ற வழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது. அது பெயிண்டர்களுக்குப் புதுப் பிழைப்பையும் புதுத் தலைவலியையும் ஒன்றாகவே கொண்டுவந்தது. "தகரத்துல அடிக்கிற மாதிரி அடிச்சித் தந்தோம். ஆறு மாசத்துல தோல் உரியிற மாதிரி உரிஞ்சி வந்துது. அப்புறந்தான் இது வேற சாமான்னு புரிஞ்சுது" என்று மாமா அந்த நாட்களைச் சொல்வார்.

பம்பரைக் கழற்றிக் கொண்டுபோனதும் அவர் முதலில் அதைக் கவிழ்த்துப் பார்க்கச் சொன்னார். உட்புறத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே பிபி, இபிடிஎம் என்ற எழுத்துகள் அச்சாகியிருந்தன. பிபி என்றால் பாலிபுரொப்பிலீன். இபிடிஎம் அதோடு கலந்திருக்கும் ரப்பர். மோதினால் உடையாமல் அமுங்கி மீளுவதற்காக இந்தக் கலவை. இத்தாலியில் ஜூலியோ நட்டா 1954இல் உருவாக்கிய பிளாஸ்டிக்தான் பாலிபுரொப்பிலீன். அந்த ஆய்வுக்காக 1963இல் அவருக்கும் ஜெர்மனியின் கார்ல் சீக்லருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. மாமா வாசலில் போட்டு உட்கார்ந்திருக்கும் நாற்காலியும் இதே பாலிபுரொப்பிலீன்தான். எதுவும் லேசில் ஒட்டாது என்பது இதன் குணம். மலிவும் இலகுவும் உறுதியும் தரும் இந்தப் பொருள், பெயிண்டை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை.

கார் தொழிற்சாலையில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். பூசுவதற்கு முன் பம்பரின் மேல்பரப்பில் நெருப்பு நாக்கை ஒரு கணம் ஓடவிட்டு எடுப்பார்கள். பிளாஸ்டிக் உருகாது, மேல்தோல் மட்டும் மாறி, பெயிண்ட் பிடிக்கும் பக்குவத்துக்கு வந்துவிடும். இரும்பு உடம்பு அடிப்பூச்சோடு 150 டிகிரிக்கு மேல் சூட்டில் வேகும். அந்தச் சூட்டை பிளாஸ்டிக் தாங்காது. அதனால் பம்பருக்குத் தனி வரிசை, வளைந்து கொடுக்கும் தனிப் பூச்சு, 80 டிகிரி அளவில் மிதமான சூடு. புது வண்டியிலேகூட பம்பரின் நிறமும் பானெட்டின் நிறமும் நூல் பிசகி நிற்பதற்கு இது ஒரு காரணம். வீட்டில் அடிக்கும்போது இதை மனதில் வைத்துக்கொண்டால் வீண் கவலை குறையும்.

வீட்டில் நெருப்புக் காட்டும் வேலை கூடாது. அதற்குப் பதில் பிளாஸ்டிக் பிரைமர் என்று ஒன்று கிடைக்கிறது. தண்ணீர் போல நிறமற்று இருக்கும். கறுப்பு பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் மட்டும் மெல்லிசாக ஒரு பூச்சு பூசினால் போதும். மேலே வருவதெல்லாம் அதைப் பிடித்துக்கொண்டு நிற்கும். இந்த ஒரு சாமானை விட்டுவிட்டால் மற்ற உழைப்பு முழுக்க வீண் என்று மாமா கறாராகச் சொன்னார்.

நிறத்தைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. பானெட்டைத் திறந்தால் உள்ளே தெரியும் தகட்டில் நிறக் குறியீடு இருக்கும்; சில கம்பெனி வண்டிகளில் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும். என் வண்டியில் இசட் 2 எஸ். மாருதியில் சில்க்கி சில்வர் என்பார்கள். புதுச்சேரியில் பெயிண்ட் கடையில் அந்தக் குறியீட்டைச் சொல்லி ஸ்ப்ரே டப்பா, கூடவே பிளாஸ்டிக் பிரைமர், சாம்பல் பிரைமர், கடைசியாக மேலே அடிக்கும் நிறமற்ற கிளியர், வாட்டர் பேப்பர் என்கிற உப்புத்தாள், மாஸ்க்கிங் டேப் எல்லாம் வாங்கிக்கொண்டேன்.

கழுவுவதிலிருந்து தொடங்கினோம். எங்கள் ஊர்ச் செம்மண் லேசில் விடாது. ஆரோவில் 1968இல் தொடங்கியபோது இந்த மேட்டு நிலம் முழுக்க வெட்டவெளியாகக் கிடந்தது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். இன்று காடாகி நிற்கிறது. அப்படியிருந்தும் பங்குனி, சித்திரையில் தெருப் புழுதி வீட்டுப் பாத்திரம்வரை வந்து உட்காரும். பம்பரின் வரிப்பள்ளங்களில் அந்தச் சிவப்பு படிந்து இறுகியிருந்தது. சோப்புத் தண்ணீரும் பழைய பல் தேய்க்கும் பிரஷும் வைத்துக் கழுவி, காய்ந்ததும் மெழுகும் எண்ணெய்ப் பிசுக்கும் போக அதற்கான கரைசலால் துடைத்தேன். தேய்ப்பதற்கு முன்னால் துடைக்க வேண்டும் என்றார் மாமா. பிசுக்கு இருக்கும்போது உப்புத்தாளைப் போட்டால் அந்தப் பிசுக்கைக் கீறலுக்குள் திணித்தது போலாகிவிடும்.

பிறகு தேய்ப்பு. வேலையில் பெரும்பகுதி இதுதான். வாளித் தண்ணீரில் வாட்டர் பேப்பரை ஊறப் போட்டு, 400ஆம் நம்பரில் ஆரம்பித்து, 600, 800 என்று மெல்லிசாகப் போனோம். போனோம் என்று பன்மையில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஈரத்தோடு தேய்த்தால் தூசி எழாது. அதனால் மாமாவும் பக்கத்தில் உட்கார்ந்து தேய்த்தார். வேலையை விட்டு எத்தனையோ காலம் ஆகியும் கை மறக்கவில்லை. நான்கு விரலையும் சேர்த்து உப்புத்தாளின் மேல் படிய வைத்து, அழுத்தாமல், ஒரே சீராக ஓட்டிக்கொண்டிருந்தார். விரல் நுனியால் அழுத்தினால் அந்த இடம் பள்ளமாகிவிடும்.

உடைந்த பூச்சின் ஓரம் ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும். அதைச் சரிவாக்கித் தரையோடு தரையாகக் கொண்டுவர வேண்டும். தேயத் தேய உள்ளிருக்கும் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனிப் பட்டையாக வெளிவந்தது. வெளியே பளபளப்பு இழந்து வெளுத்த கிளியர். அதற்குள் வெள்ளி. அதற்குள் சாம்பல் பிரைமர். நடுவில் கறுப்பு பிளாஸ்டிக். பட்டைகள் எவ்வளவு அகலமாக விரிகின்றனவோ, அவ்வளவுக்குச் சரிவு மெல்லிசாகியிருக்கிறது என்று பொருள். மாமா பட்டைகளைவிட வழிந்து இறங்கும் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாக வந்தால் கிளியர் மட்டும் தேய்கிறது. அதில் சாம்பல் மினுக்கம் கலந்தால் நிறத்தைத் தொட்டுவிட்டோம். அங்கே கையை நிறுத்த வேண்டும். பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் அழுத்தித் தேய்த்தால் மயிர் மாதிரிப் பிசிறு எழும். அங்கே லேசான கை, நிறையத் தண்ணீர்.

போதுமா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. மாமா தோளிலிருந்த துண்டின் ஓரத்தைப் பம்பர்மேல் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக நகர்த்தினார். துணி இடையில் இருந்தால் தோல் வழுக்கிக்கொண்டு போகும். மேடு பள்ளம் மட்டும் கைக்குத் தெரியும். ஒரு இடத்தில் கை நின்றது. "இங்க இன்னும் படி இருக்குது பார்" என்றார். நான் தடவியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் சொன்ன இடத்தில் இன்னும் கொஞ்சம் தேய்த்துவிட்டுத் தடவிய பிறகுதான், முன்பு அங்கே என்ன இருந்தது என்று என் கைக்குப் புரிந்தது.

"பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறதுக்கு முன்னாடி செவுத்தச் சொரண்ட மாட்டோமா? அதே கததான். ஷெட்டுல கஸ்டமர் வந்து, 'ரெண்டு நிமிசம் பெயிண்ட் அடிக்க இவ்ளோ கூலியா'ன்னு கேப்பாரு. ரெண்டு நாள் தேய்ச்சத அவரு பாத்திருக்க மாட்டாரு" என்றார். குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னார். கூலி பேசும்போது நாம் கண்ணில் படுகிற பளபளப்புக்கு விலை பேசுகிறோம். அதைத் தாங்கி நிற்கிற தேய்ப்பு யார் கணக்கிலும் வருவதில்லை. அன்று முதல் பெயிண்ட் வேலைக்காரர் யாரிடமும் நான் பேரம் பேசுவதில்லை.

ஆழமாக இருந்த இரண்டு குழிகளுக்குப் பட்டி போட்டோம். தகரத்துக்குப் போடும் பட்டி இதற்கு ஆகாது. பம்பர் வளைந்தால் அது விரிசல் விடும். பிளாஸ்டிக்குக்கென்று வளைந்து கொடுக்கும் பட்டி தனியாக இருக்கிறது. அது காய்ந்ததும் மறுபடி தேய்ப்பு. கறுப்பு தெரிந்த இடங்களில் பிளாஸ்டிக் பிரைமர் பூசி, அதற்கு மேல் சாம்பல் பிரைமர் ஏறியதும், கறுப்பு ஸ்ப்ரேயைத் தூரத்திலிருந்து தூசி மாதிரித் தூவச் சொன்னார். பிறகு 800ஆம் நம்பரால் தேய்த்தால் மேட்டில் இருக்கும் கறுப்பு போய்விடும், பள்ளத்தில் மட்டும் மிஞ்சும். எங்கே இன்னும் வேலை பாக்கி என்று பம்பரே காட்டிக்கொடுத்துவிடும்.

அடிப்பதற்கு நாள் பார்த்தார். நல்ல நேரத்துக்கு அல்ல, காற்றுக்கு. மாசி மாதம்தான் சரி என்றார். கார்த்திகை, மார்கழியில் காற்று ஈரம் சொட்டும். பெயிண்டிலிருக்கும் தின்னர் ஆவியாகிப் போகும்போது பூச்சைக் குளிர வைத்துவிட்டுப் போகும். ஈரக் காற்று அதில் பட்டால் தண்ணீர் படிந்து பூச்சு வெள்ளை பூத்துவிடும். சித்திரை வெயிலிலோ டப்பாவிலிருந்து கிளம்பும் துளி பம்பரைத் தொடுவதற்குள் காய்ந்து, மாவு தூவியது போல் சொரசொரப்பாகிவிடும். மாசியில் காலைப் பனி ஈரம் போன பிறகு, கடற்காற்று எழும்புவதற்கு முன்பு. எங்கள் ஊரிலிருந்து பொம்மையார்பாளையம் கடற்கரை கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். வெயில் ஏறி உச்சியை நெருங்கும்போது கடற்காற்று மேட்டுக்கு ஏறிவிடும். ஆக, ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணிவரைதான் நமக்கு.

மாடு இல்லாமல் கிடந்த பழைய கொட்டகையைக் கூட்டி, தரையில் தண்ணீர் தெளித்து, காற்று வரும் பக்கம் ஈரச் சாக்குகளைத் தொங்கவிட்டேன். பம்பர் இரண்டு முக்காலிகளின் மேல் இருந்தது. மாமா கொட்டகைக்குள் வரவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகத் தள்ளி, வேப்பமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

டப்பாவை உள்ளே இருக்கும் குண்டு சத்தம் போட்ட பிறகும் இரண்டு நிமிடம் குலுக்கு. ஒரு சாண் தூரத்தில் பிடி. பம்பருக்கு வெளியே அழுத்த ஆரம்பித்து, அந்தப் பக்கம் வெளியே போன பிறகு விரலை எடு. மணிக்கட்டை ஆட்டாதே, தோளிலிருந்து கை முழுக்க நகர வேண்டும். முந்தைய கோட்டில் பாதியை அடுத்த கோடு மூட வேண்டும். முதல் பூச்சில் அடிப்பாகம் மறையவே கூடாது. மறைக்க ஆசைப்பட்டால் வழிந்துவிடும்.

வெள்ளி நிறம்தான் நிறங்களிலேயே பெயிண்டரைச் சோதிப்பது. அதில் கலந்திருப்பவை அலுமினியச் செதில்கள். பூச்சு ஈரமாகக் கனத்து விழுந்தால் செதில்கள் அமிழ்ந்து, தாறுமாறாகச் சாய்ந்து நின்று, நிறம் கறுத்துத் தெரியும். உலர்ந்து விழுந்தால் மேலாகப் படுத்துக்கொண்டு வெளுத்துத் தெரியும். ஒரே டப்பாதான், அடிக்கும் கையைப் பொறுத்து இரண்டு நிறம். அதனால் கடைசியாக ஒரு முறை, கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, மேலோட்டமாகத் தூவச் சொன்னார். செதில்கள் சீராக வந்து படுத்து, மேகம் மேகமாக இருந்த இடங்கள் ஒன்றாகின. அது நடந்ததை என் கண்ணெதிரே பார்த்தேன். ஒட்டுப்போட்ட இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அரை மணி நேரத்துக்குள் கிளியர் ஏற ஆரம்பித்தது. முதலில் மெல்லிசாக ஒன்று, ஒட்டும் பதம் வந்ததும் ஈரம் மினுங்க இன்னொன்று. ஒட்டுப்போட்ட இடத்தோடு நிறுத்தாமல் பம்பர் முழுக்கக் கிளியர் அடித்தோம். ஓரம் தெரியாமலிருக்க அதுதான் வழி. நன்றாக இறுகும்வரை தொடாமல் விட்டு, பிறகு 2000ஆம் நம்பர் தாளால் தூசிப் புள்ளிகளை எடுத்து, கம்பவுண்டு போட்டுத் தேய்த்தேன். உச்சி வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பானெட்டுக்கும் பம்பருக்கும் ஒரு சாயல் வித்தியாசம் தெரியும். மாமா சுற்றிவந்து பார்த்தார். துண்டைப் போட்டுத் தடவினார். "ஷெட்டுல வெச்சே கொடுக்கலாம்" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் பாராட்டு வந்து நான் கேட்டதில்லை.

மாமா ஏன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார் என்பதைச் சொல்ல வேண்டும். அவருக்கு இளைப்பு. பழைய காலத்து டூக்கோ பெயிண்ட் தின்னர் காய்ந்தாலே இறுகிவிடும். பிறகு வந்த இரண்டு பாகப் பெயிண்டில் ஹார்டுனர் கலக்க வேண்டும். பெட்ரோல் சிந்தினாலும் அசையாத உறுதியும் கண்ணாடிப் பளபளப்பும் அந்த ஹார்டுனர் தருவதுதான். அதிலிருப்பது ஐசோசயனேட். 1984 டிசம்பரில் போபாலில் ஊரையே கொன்ற வாயுவும் இந்த வேதிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். வீரியமும் அளவும் வேறு. ஹார்டுனர் கலந்த பெயிண்ட் ஸ்ப்ரே கன்னிலிருந்து புகையாக வரும்போது நுரையீரலுக்குள் போய், நாளடைவில் உடம்பை ஒவ்வாமைக்குப் பழக்கிவிடும். ஒரு முறை அப்படி ஆகிவிட்டால் அதன் பிறகு சொற்ப அளவு பட்டாலும் மூச்சு அடைக்கும். தொழிலை விடுவதைத் தவிர வழியில்லை. மாமா காலமெல்லாம் முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டுதான் அடித்தார். அவர் வேலை பார்த்த இடத்தில் புகையை வெளியே இழுக்கும் காற்றாடி கிடையாது. கைக்குட்டை தூசியைக்கூட ஒழுங்காக நிறுத்தாது. ஆவியை நிறுத்தவே நிறுத்தாது.

1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில், அரசுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களின் பட்டியலில் ஐசோசயனேட் நச்சும் இடம்பெற்றது. ஆனால் மின்சாரம் இருக்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் பொருந்தியது. சாலையோரத்தில் ஒரு மேஸ்திரியும் இரண்டு பையன்களுமாக நடக்கும் பெயிண்ட் ஷெட்டுக்குள் அது வந்ததே இல்லை. மாமாவின் இளைப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை.

பம்பரை வீட்டில் அடிக்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். தாராளமாகச் செய்யுங்கள். பம்பர் தனியாகக் கழற்ற வருகிற பாகம்; சிறு நிற வித்தியாசத்தையும் தாங்கிக்கொள்ளும். பொறுமையாகத் தேய்த்தால் யார் கைக்கும் வசப்படும். கதவும் பானெட்டும் அப்படியல்ல. அவற்றைத் தொழில்காரரிடம் விடுங்கள். ஹார்டுனர் கலக்காத ஒற்றைப் பாக டப்பாவையே வாங்குங்கள். அதிலும் தின்னர் ஆவி உண்டு. அதனால் பெயிண்ட் வாங்குவதற்கு முன்னால், இரண்டு பக்கமும் கரி வடிகட்டி வைத்த ரப்பர் முகமூடி ஒன்றை வாங்குங்கள். அடித்து முடித்த பிறகு அதை அலமாரியில் பூட்டி வைக்காதீர்கள். புது வடிகட்டி போட்டு, உங்கள் ஊர் பெயிண்ட் ஷெட்டில் முகத்தில் கைக்குட்டை கட்டி நிற்கும் பையன் ஒருவனிடம் கொடுத்துவிடுங்கள்.